ஏழு மொட்டு

அத்தியாயம் 6

நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. மழை வேறு. பஸ்ஸின் ஜன்னல் தகரத்தை எவ்வளவு இழுத்தாலும் முக்கால்தான் இறங்கியது. மீதிக் கால் வழியாக வந்த சாரல் மங்களாம்பிகையின் இடது தோளை மட்டும் குறிபார்த்து நனைத்தது. கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. மாலை ஐந்து மணிக்குள் ஒரு மனிதர் திருடனா இல்லையா என்று முடிவாக வேண்டும். அவளோ இன்னும் பாதி வழி கூடத் தாண்டவில்லை.

“மேடம், நான் கண்டக்டரா இருந்தப்ப இந்தக் கேட்டுல ஒரு கல்யாணமே நிச்சயம் ஆகியிருக்கு. பொண்ணு முன் சீட்டு, மாப்பிள்ளை பின் சீட்டு. கேட் திறக்கறதுக்குள்ள தாம்பூலம் மாத்திட்டாங்க” என்றான் பஞ்சநதம்.

“கொஞ்ச நேரம் வாயை மூடறியா?”

“ரயில் போகட்டும் மேடம், மூடிடறேன்.”

தனியார் பஸ்ஸில் பதினோரு வருடம் விசில் ஊதியவன். முதலாளியைப் பற்றி ஒரு ஜோக் அடித்து, அதை முதலாளியே கேட்டுவிட்டதால் வேலை போனவன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிய மங்களாம்பிகை தஞ்சாவூர் கீழவாசலில் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தபோது, ஊர் ஊராய் ஆள் தெரிந்த இவனை உதவிக்கு வைத்துக்கொண்டாள். நிலையத்துக்கு வந்த கேஸ்களில் பத்துக்கு ஒன்பது வெளிநாட்டு மாப்பிள்ளைகளை விசாரிப்பது. இது பத்தாவது. ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டாள். இப்போது ஏன் ஏற்றோம் என்று இருந்தது.

விஷயம் இதுதான். கேஸ் கொடுத்த கல்யாணராமனின் வெண்ணாறு சாஃப்ட்வேர்ஸ் ‘மணவோலை’ என்று ஒரு புரோகிராம் தயாரித்திருந்தது. கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, பெயரையும் தேதியையும் அடித்து, பிடித்த பார்டரைத் தேர்ந்தெடுத்தால் பத்தே நிமிடத்தில் கல்யாணப் பத்திரிகை தயார். வருகிற 2000 பொங்கலுக்குத்தான் விற்பனை. அதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க நான்கே நான்கு சிடி. ஒரத்தநாட்டில் ஓர் அச்சகம், நாகப்பட்டினத்தில் ஒன்று, கூத்தாநல்லூரில் ஒன்று. நான்காவது ஆபீஸிலேயே, கல்யாணராமனின் பீரோவுக்குள்.

நாலும் வெளியே பார்க்க ஒரே மாதிரி. ஆனால் புரோகிராம் எழுதிய மாளவிகா கெட்டிக்காரப் பெண். யாராவது காப்பி எடுத்து வெளியே விட்டால் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, முல்லைக்கொடி பார்டரின் வலது மூலையில் மொட்டுகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு சிடியிலும் மாற்றி வைத்தாள். ஒரத்தநாட்டுக்கு ஐந்து. நாகப்பட்டினத்துக்கு ஆறு. கூத்தாநல்லூருக்கு ஏழு. ஆபீஸுக்கு எட்டு. இந்தக் கணக்கு அவளுக்கும் கல்யாணராமனுக்கும் மட்டுமே தெரியும். சந்தேகம் வரக் கூடாதென்று சிடியின் மேல் அடையாளம் எதுவும் போடவில்லை. காகித உறையில் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர்.

மூன்று நாளைக்கு முன்னால் கல்யாணராமனுக்குத் தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. சென்னையில் அச்சானது. இன்னும் விற்பனைக்கே வராத அவருடைய முல்லைக்கொடி அதில் ஜம்மென்று படர்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தார். ஏழு மொட்டு. விசாரித்ததில் சென்னையில் தெருவோரக் கடைகளில் ‘மணவோலை’ சிடி கூறு கட்டி விற்கிறதாம்.

கூத்தாநல்லூர் என்றால் மெஹராஜ் அச்சகம், ஜெக்கரியா. கல்யாணராமனுக்கு இருபது வருடப் பழக்கம். “தப்பை ஒத்துண்டு எழுதிக் குடுத்துடச் சொல்லுங்கோம்மா. குடுத்துட்டா விட்டுடறேன். இல்லேன்னா அஞ்சு மணிக்கு இது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடும்” என்று டைப் செய்த புகாரை அவள் முன்னால் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்தார்.

துப்பறியக் கூப்பிடவில்லை, கையெழுத்து வாங்கிவரக் கூப்பிட்டிருக்கிறார். அந்த எரிச்சல் அவளுக்குக் காலையிலிருந்தே அடங்கவில்லை.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. மன்னார்குடியில் பஸ் மாறி, அந்த பஸ்ஸும் டீசல் போட நின்று, கூத்தாநல்லூர் போய் இறங்கியபோது மணி ஒன்றாகியிருந்தது. மழை விட்டிருந்தது. கரண்ட்டும் விட்டிருந்தது.

“நினைவிருக்கட்டும். நான் பொண்ணுக்கு அம்மா. நீ தாய்மாமன். பத்திரிகை அடிக்க வந்திருக்கோம். பேச்சுக் குடுத்து அந்த சிடியைப் பார்க்கணும்” என்றாள் மங்களாம்பிகை.

“தாய்மாமன்னா முறுக்கிக்கணுமே மேடம். நான் கொஞ்சம் கோவிச்சுக்கட்டுமா?”

மெஹராஜ் அச்சகம் கடைத்தெருவின் கோடியில் இருந்தது. முன்பக்கம் கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர், மேலே பூப்போட்ட துணி போர்த்தி. பின்பக்கம் ஆஃப்செட் மெஷின் இருட்டில் சும்மா கிடந்தது. ஜெக்கரியா ஐம்பத்தைந்து வயது மனிதர். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்து குடும்பத்து அச்சகத்தில் இந்த மெஷினைப் போட்டவர். வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவர் அவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்கம்மா. உள்ள புழுக்கமா இருக்கும், இங்கேயே உக்காருங்க.”

“பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கு பாய். பத்திரிகை...”

ஜெக்கரியா விசிறியை நிறுத்தினார். “நீங்க மங்களாம்பிகை அம்மாதானே?”

மங்களாம்பிகை வாயைத் திறந்தபடியே நின்றாள்.

“என் மூத்த மருமகனைப் பத்தி துபாய்ல விசாரிச்சுச் சொன்னது நீங்கதாம்மா. தங்கமான பையன், சிகரெட் மட்டும் ஒளிஞ்சு குடிக்கிறான்னு எழுதியிருந்தீங்க. இன்னைக்கு வரைக்கும் ஒளிஞ்சுதான் குடிக்கிறான்.”

“மேடம், நான் கோவிச்சுக்கறதை விட்டுடட்டுமா?” என்று பஞ்சநதம் காதருகே கேட்டான்.

அவனை முறைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. போட்ட வேஷம் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இனி மறைத்துப் பயனில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள்: முல்லைக்கொடி, மொட்டுக் கணக்கு, சென்னைப் பத்திரிகை, ஐந்து மணி, புகார், அதன்மேல் வைத்த பேனா. சொல்லி முடித்தபோது ஜெக்கரியாவின் முகம் கறுத்திருந்தது.

“கல்யாணராமன் சாரா எழுதினாரு?”

“ஆமாம் பாய்.”

“போலீஸுக்கா?”

“நீங்க எழுதிக் குடுத்தா போலீஸுக்குப் போக மாட்டாராம்.”

“நான் செய்யாததை நான் ஏம்மா எழுதணும்?” அவர் குரல் உயரவில்லை. “இந்த ஊர்ல மூணு தலைமுறைக்கு நிக்காஹ் கார்டு அடிச்சிருக்கோம். நாளைக்குக் கடை வாசல்ல போலீஸ் வந்து நின்னா, எவனாச்சும் தன் பொண்ணு பேரை நம்பி என்கிட்ட எழுதிக் குடுப்பானா?”

சிடியைக் காட்டுங்கள் என்று மட்டும் மங்களாம்பிகை கேட்டாள். ஜெக்கரியா மேஜை இழுப்பறையின் பூட்டைத் திறந்து, ஒரு டப்பாவைத் திறந்து, அதற்குள்ளிருந்து காகித உறையை எடுத்தார். உறையில் நம்பர் மூன்று. சரியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு மொட்டை எண்ணலாம் என்றால் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்றால் அது யாருக்கும் தெரியாது. சலிப்போடு சிடியை உருவி வெளிச்சத்தில் திருப்பினாள்.

மேல் பக்கத்தில், நடு ஓட்டையை ஒட்டி, காய்ந்துபோன சந்தனம். அதன்மேல் குங்குமம்.

“பாய், இது என்ன?”

“வந்தப்பவே இருந்துச்சும்மா. சாமி காரியம்னு வெச்சிருக்காங்க. அடுத்தவங்க வெச்ச பொட்டை நாம எப்படித் துடைக்கிறதுன்னு விட்டுட்டேன். அது உதிர்ந்து டிரைவுக்குள்ள போயி, திருவாரூர்லேர்ந்து ஆள் வந்து கிளீன் பண்ணிட்டுப் போனான்.”

“கம்ப்யூட்டருக்கே நெத்தி நிறைய குங்குமம் வெச்சிருக்காங்க மேடம்” என்றான் பஞ்சநதம். “இனிமே வைரஸ் எப்படிக் கிட்ட வரும்?”

மங்களாம்பிகை உறையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே விரலை விட்டு விரித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு மஞ்சள் கறை கிடையாது, சிவப்புப் பொடி கிடையாது.

“பஞ்சநதம், ஈரச் சந்தனத்தை உறைக்குள்ள போட்டா என்ன ஆகும்?”

“உறை வீணாகும்.”

“உறை சுத்தமா இருக்கே.”

“அப்ப காஞ்சதுக்கப்புறம்தான் உள்ள போயிருக்கு.” சொல்லிவிட்டு அவனே நிமிர்ந்தான். “மேடம்! அதுவரைக்கும் சிடி வெளியில இருந்திருக்கு.”

“ஒண்ணு மட்டுமா இருந்திருக்கும்?”

சிடி அனுப்பிய தேதியை ஜெக்கரியாவிடம் கேட்டாள். அக்டோபர் இருபது என்றார். பதினெட்டாம் தேதி சரஸ்வதி பூஜை. மங்களாம்பிகை மேஜை மேலிருந்த டெலிபோனைத் தன் பக்கம் இழுத்தாள். கல்யாணராமன் வீட்டு நம்பரைச் சுழற்றினாள். இத்தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி சுழற்றினாள். அதே பெண். எட்டு முறை. இருபது வருடம் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களை அந்தக் குரலோடு விட்டுவிட்டு டீ குடிக்கப் போனதற்கு இதுதான் தண்டனை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பதாவது முறை மணி அடித்தது. எடுத்தவர் கல்யாணராமனின் மனைவி ஆனந்தம்.

“மாமி, சரஸ்வதி பூஜைக்கு ஆபீஸ் சிடியெல்லாம் பூஜையில வெச்சீங்களா?”

“வெக்காம? முதல் முதல்ல பண்ணினதாச்சே. நாலையும் வெச்சேன்.”

“உறையோடவா?”

“நன்னாக் கேட்டேள் போங்கோ! பேப்பருக்கா சந்தனம் குங்குமம் வெப்பா? வெளியில எடுத்து, கோலம் போட்ட பலகையில வரிசையா வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வெச்சேன். மறுநாள் விஜயதசமிக்குப் புனர்பூஜை பண்ணி, நானே எடுத்து, நானே உறையில போட்டேன். மாளவிகா லீவுல ஊருக்குப் போயிருந்தா பாவம், அவளுக்கு ஏன் சிரமம்னு.”

“எந்த சிடி எந்த உறைன்னு பாத்துப் போட்டீங்களா மாமி?”

“எல்லாம் ஒண்ணுதானேம்மா?”

மங்களாம்பிகை ரிசீவரை வைத்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எத்தனை ஜாக்கிரதை! ரகசிய மொட்டு, அச்சகங்களிடம் வாங்கிய ஒப்பந்தக் கையெழுத்து, பீரோப் பூட்டு. எல்லாவற்றையும் ஒரு சந்தனக் கிண்ணம் கலைத்துப் போட்டிருக்கிறது. ஏழு மொட்டு சிடி எந்த உறையில் வேண்டுமானாலும் போயிருக்கலாம். இந்த உறையிலும் போயிருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஜெக்கரியா குற்றவாளி என்பதற்கு இருந்த சாட்சி போயிற்றே தவிர, நிரபராதி என்பதற்கு ஒன்றும் வரவில்லை.

“கரண்ட் வந்தாத்தான் எண்ண முடியும்” என்றாள். மணி இரண்டே கால்.

“அந்தக் கொடியைத்தானேம்மா எண்ணணும்?” என்றார் ஜெக்கரியா. “அதுக்குக் கரண்ட் எதுக்கு?”

உள்ளே போய் ஒரு கார்டு எடுத்து வந்தார். இளம்பச்சை அட்டை. ஓரமெல்லாம் முல்லைக்கொடி. அவருடைய இளைய மகள் அஃப்ரீனின் நிக்காஹ் அழைப்பிதழ்.

“நிஜ வேலையில போட்டுச் சோதிச்சுப் பாருங்கன்னு மாளவிகாப் பொண்ணு சொல்லியிருந்துச்சு. அக்டோபர் கடைசியில அடிச்சேன். அறுநூறு கார்டு, ஊர் பூரா போயிருக்கு. இனிமே நான் நெனச்சாக்கூட ஒரு மொட்டைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எண்ணிக்குங்க.”

மூன்று பேரும் குனிந்தார்கள். வலது மூலை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பஞ்சநதம் இலையைத் தூக்கிப் பார்ப்பவனைப் போல நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ஐந்துதான்.

“இந்தக் கார்டு கல்யாணராமன் சாருக்குப் போச்சா?” என்று மங்களாம்பிகை கேட்டாள்.

“முதல் கார்டே அவருக்குத்தான். நிக்காஹுக்கு வந்தாரு, ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டு, பிள்ளைங்களை வாழ்த்திட்டுப் போனாரு.”

மெட்ராஸ் பத்திரிகையை எண்ணிய மனிதர், தன் வீட்டு மேஜையில் கிடந்த கூத்தாநல்லூர் பத்திரிகையை எண்ணவில்லை. மங்களாம்பிகைக்கு எரிச்சல் தலைக்கேறியது. மீண்டும் டெலிபோன்.

ஒரத்தநாட்டு அச்சக முதலாளி வீரையன் மூன்றாவது முயற்சியில் கிடைத்தார். அவரிடம் அச்சடித்த காகிதத்தை எடுக்கச் சொல்வதற்கே நாலு நிமிடம்.

“மொட்டா? எல்லாம் பூத்துல்ல கெடக்கு?”

“வலது மூலையில பாருங்க. மொட்டு மட்டும் எண்ணுங்க.”

“இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன்... கண்ணாடியைக் காணுமே.”

“தலையில பாருங்க” என்று பஞ்சநதம் ரிசீவரை நோக்கிக் கத்தினான்.

“அட, ஆமாம்! எப்படித் தம்பி கண்டுபிடிச்சே?” எண்ணினார். பாதியில் வாடிக்கையாளர் யாரோ வர, விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணினார். எட்டு.

எட்டு மொட்டு ஒரத்தநாட்டில். ஐந்து மொட்டு கூத்தாநல்லூரில். மீதி ஆறும் ஏழும், நாகப்பட்டினமும் பீரோவும். நாகப்பட்டினம் கிடைக்கவே இல்லை. அந்த ரெக்கார்டு பெண் தொண்டை காயாமல் பேசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மங்களாம்பிகை பழைய சிநேகிதத்தை எடுத்தாள். எக்ஸ்சேஞ்சில் இன்னும் வேலையில் இருக்கும் கமலாம்பாளைப் பிடித்து, “ஒரே ஒரு லைன் குடுடி” என்று கெஞ்சினாள். கமலாம்பாள் தன் மகனுக்கு நல்ல இடமாகப் பார்க்கச் சொல்லிவிட்டு லைன் கொடுத்தாள். நாகப்பட்டினம் வைரக்கண்ணு பளிச்சென்ற ஆள். கேட்ட மாத்திரத்தில் எண்ணிச் சொன்னார்.

“ஆறும்மா. ஏன், கம்மியா இருக்கா?”

“சரியா இருக்குங்க” என்றாள்.

பஞ்சநதம் விரலை மடக்கிக்கொண்டே வந்து, கடைசி விரலில் நின்றான். “மேடம், அப்ப ஏழு மொட்டு...”

“பீரோவுக்குள்ள.”

மணி மூன்றே கால். கல்யாணராமன் இந்த முறை தானே எடுத்தார்.

“எழுதிக் குடுத்துட்டாரா?” என்றார் எடுத்த எடுப்பில்.

“சார், உங்க பீரோவுல இருக்கற சிடியை வேற யாராவது கையில எடுத்தாங்களா?”

“அது எதுக்கு? சாவி என் பூணூல்ல தொங்கறது. நானே எடுத்தாத்தான் உண்டு.”

“நீங்க எடுத்தீங்களா?”

மங்களாம்பிகை பொறுமையாகப் பூஜை விஷயத்தைச் சொன்னாள். உறை மாறியதைச் சொன்னாள். ஐந்து எங்கே, ஆறு எங்கே, எட்டு எங்கே என்று சொன்னாள். அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“அச்சுதன் தீபாவளிக்கு வந்திருந்தான்” என்றார் கல்யாணராமன். குரல் யாருடையதோ போல ஆகியிருந்தது. “என் பையன். நியூஜெர்சியில இருக்கான். அப்பா என்ன பண்ணியிருக்கேள், காமிங்கோன்னான். அத்தனை வருஷத்துல நான் பண்ணின வேலையைப் பத்தி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லம்மா. சந்தோஷத்துல எடுத்துக் குடுத்துட்டேன். ஒரு காப்பி பண்ணிண்டான். திரும்பிப் போறச்சே மெட்ராஸ்ல சிநேகிதன் ஆத்துல ரெண்டு நாள் தங்கினான்.”

“இதை நீங்க நெனச்சே பாக்கலையா?”

“ஏழு மொட்டுன்னதும்... என்னத்துக்கு வேற யோசனை பண்ணணும்னு தோணிடுத்து.”

சோதிப்பவர்கள் காப்பி எடுக்கக் கூடாது, காட்டக் கூடாது, வெளியே கொண்டுபோகக் கூடாது என்று மூன்று ஊர்க்காரர்களிடமும் கையெழுத்து வாங்கிய மனிதர் அவர். கேஸ் முடிந்துவிட்டது, ஐந்து மணிக்கு இன்னும் நேரமும் இருக்கிறது. ஆனால் மங்களாம்பிகைக்குத் துளிகூடத் திருப்தி இல்லை. மெட்ராஸில் விற்றுக்கொண்டிருக்கும் சிடிகளை யாரும் திரும்ப வாங்கப் போவதில்லை. காலையிலிருந்து நனைந்ததும் அலைந்ததும், ஓர் அப்பா தேடிய திருடனை அவர் வீட்டுக்குள்ளேயே காட்டிக் கொடுப்பதற்குத்தானா என்று கோபம் கோபமாக வந்தது.

“பாய் பக்கத்துலதான் இருக்கார். பேசறீங்களா?”

“குடுங்கோ” என்றார்.

ஜெக்கரியா கைலியில் கையைத் துடைத்துவிட்டு ரிசீவரை வாங்கிக்கொண்டார். நின்றபடியே கேட்டார். அந்தப் பக்கமிருந்து தழுதழுத்து ஏதோ வந்துகொண்டே இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை இரண்டு தடவை வெளியே வரை கேட்டது. புகாரைக் கிழிக்கும் சத்தம்கூட வந்தது.

“பரவாயில்ல சார். அழாதீங்க” என்றார் ஜெக்கரியா. “அச்சுதன் தம்பியை ஒண்ணும் சொல்லிடாதீங்க. என்கிட்டயும் பிள்ளைங்க இருக்கு.” ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. அந்த மெட்ராஸ் பத்திரிகையில ஏழு மொட்டுக்குப் பதிலா எட்டு மொட்டு இருந்திருந்தா... உங்க ஆபீஸ் சிடிதான்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா... இதே மாதிரி மனு டைப் பண்ணி, மேல பேனாவை வெச்சிருப்பீங்களா சார்?”

ஜெக்கரியா அவசரப்படவில்லை. ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு, பதில் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.